கச்சேரி விமர்சனம் எழுதினால் உறவு போய்விடுமா?

தேக்கா ரசிகன்:
போன மாதம் இங்கே சிங்கப்பூரில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரி. பாடியவர் நம்ம ஊர்ப் பெண், சென்னையில் சில வருஷம் கற்றுக்கொண்டு வந்தவர். தோடி ராக ஆலாபனையில், அசைய வேண்டிய காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) அசைக்காமல் நேராகப் பிடித்து நிறுத்தினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எனக்கு இந்துஸ்தானி பைரவி வாடை அடித்தது. அதை ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலில் வயலின்காரர் கொடுத்த பதில் இன்னும் காதிலேயே இருக்கிறது என்றும் எழுதினேன். அது யார் கண்ணிலும் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் அந்தப் பெண்ணின் பெரியம்மா. முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்தபடி, "ஓசி டிக்கெட்ல வந்துட்டு குத்தமா சொல்றீங்க?" என்றார். ஓசி இல்லைங்க, 25 வெள்ளி கொடுத்தேன்.

எல்லாருக்கும் எல்லாரும் சொந்தமான ஊரில் விமர்சனம் எழுத வழியே இல்லையா? இங்கத்து இந்திய நுண்கலைக் கழகமான சிஃபாஸ் 1949லேயே தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே தோடி எப்படிப் பாடினார்கள் என்று பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். யார் தலைமை தாங்கினார், யார் மாலை போட்டார் என்பதெல்லாம் கிடைத்தது. தோடி கிடைக்கவில்லை.

பழைய பேப்பர்:
தம்பி, கல்கி விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய கச்சேரி விமர்சனங்களை எங்கள் அப்பா பைண்ட் பண்ணி வைத்திருந்தார். ராகம் தெரியாதவரும் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். 1940களில் தமிழிசை இயக்கம் வந்தபோது, தமிழ்ப் பாட்டு ஏன் கடைசியில் துக்கடாவாக, சின்ன உதிரிப் பாட்டாக மட்டும் வருகிறது என்ற சண்டையில் அந்தப் பேனாவும் இறங்கியது. பாட்டைப் பற்றிய பேச்சு மொழியைப் பற்றிய பேச்சாகிவிட்டது. விமர்சகர் சுப்புடு டெல்லியில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டு ஸ்டேட்ஸ்மன் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். அவர் சம்பளம் எந்தச் சபா செயலாளர் கையிலும் இல்லை. டிசம்பரில் சென்னைக்கு வந்து வெளுத்துவிட்டு ரயில் ஏறிவிடலாம். உங்களுக்கு ரயில் ஏறினாலும் இதே ஊர் ஜூரோங்தான்!

பீடோக் மிருதங்கம்:
நான் வாசிக்கிறவன். திட்டினாலும் பரவாயில்லை சார், எங்களுக்குக் கிடைப்பது 'பக்கபலமாக வாசித்தார்' என்ற ஒரே வரி. மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிப் பேர் கடைசி எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுகிறார்கள். நடுவில் கண்ட நடைக்கு (ஐந்து ஐந்தாக எண்ணும் நடை) மாறினேன் என்று கவனித்த ஒருவர் எழுதட்டும், அவருக்கு நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன். இதே ஊரில் சிம்பொனி கச்சேரி நடந்தால் ஹார்ன் சறுக்கியதைக்கூட ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். வாசித்தவரின் அத்தை சண்டைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

தேக்கா ரசிகன்:
ஒரு சேதி. நேற்று அந்தப் பெண்ணே மெசேஜ் போட்டார்: "அங்கிள், எந்தெந்த இடம்னு சொல்ல முடியுமா? ரெக்கார்டிங் இருக்கு." கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவைதான். மூன்றாவது இடத்தில் காந்தாரம் அழகாகவே அசைகிறது, நான்தான் சரியாகக் கேட்கவில்லை. குழுவில் திருத்தம் போட்டுவிட்டேன்.

பெரியம்மா இன்னும் கீரையைத்தான் பார்க்கிறார்.