கம்ப்யூட்டருக்கு 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கு ஒரு வூஃபர்) வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வளவுப்பையன்:
காரைக்குடியில்தான் வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். விண்டோஸில் 5.1 தேர்ந்தெடுத்து டெஸ்ட் போட்டேன். முன் இடதை அமுக்கினால் முன்னாலும் பின்னாலும் இடது பக்கம் முழுக்கச் சத்தம். பின் இடதை அமுக்கினால் மூச்சே இல்லை. வூஃபர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் வயர் செருக ஒரே ஒரு ஆக்ஸ் ஓட்டை, அப்புறம் ப்ளூடூத். கடைக்குப் போன் போட்டேன். "அஞ்சு பொட்டியிலயும் சத்தம் வருதுல்ல தம்பி, பிறகென்ன?" என்றார். அந்த "பிறகென்ன"தான் இன்னும் காதில் நிற்கிறது.

ரஸ்தாக்காரன்:
இது ஊரெல்லாம் நடக்கிறது. ஸ்டீரியோவையே, அதாவது இடது வலது என்ற இரண்டு சேனலையே, பிரித்து அஞ்சு பெட்டிக்கும் அனுப்புவதற்குப் பெயர் 5.1 இல்லை. பெட்டிக்குப் பின்னால் சேனலுக்கு ஒன்றாக ஆறு ஆர்சிஏ ஓட்டையோ, இரண்டு சேனலுக்கு ஒன்றாக மூன்று ஆக்ஸ் ஓட்டையோ இருக்க வேண்டும், கம்ப்யூட்டரிலிருந்து மூன்று வயர் வர வேண்டும்: பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு சென்டரும் வூஃபரும். கம்ப்யூட்டரில் மூன்றே ஓட்டை உள்ள மதர்போர்டு என்றால் நீலமும் பிங்கும் அந்த வேலையைச் செய்யும், டிரைவரில் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு ஆப்டிக்கல் வயரை (ஒளியாகச் சத்தம் அனுப்புவது) தலையில் கட்டினார்கள். படத்துக்கு டால்பி, அதாவது சுருக்கிய ஆறு சேனல் சத்தம், சரியாக வந்தது, கேம் திறந்தால் இரண்டே சேனல். அந்த வயரில் சுருக்கப்படாத சத்தம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது.

கானாடுகாத்தான் ஆள்:
ஓட்டையை எண்ணுவது இருக்கட்டும், அறையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவர், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை. அசல் 5.1தான் போட்டேன். படம் ஓடும்போது அப்பத்தா எட்டிப் பார்த்து, "என்னப்பா, கிணத்துக்குள்ள இருந்து பேசுறாக?" என்றது. ஜமக்காளம் விரித்து, திரை போட்ட பிறகுதான் வசனம் புரிந்தது.

பள்ளத்தூர் 5.1:
மேலே சொன்னவருக்கு: ஜமக்காளம் வசனத்துக்குச் சரி, வூஃபர் உறுமலுக்கு ஒன்றும் செய்யாது. மூலையில் வைத்திருந்தால் முதலில் வெளியே இழுங்கள், பாதி உறுமல் அதிலேயே போகும். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நேர் முன்னால் பார்ப்பதை 0 என்று வைத்தால், முன் ஸ்பீக்கர் இரண்டும் இருபக்கமும் 30 டிகிரியில், பின்னது 110 டிகிரியில். அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், முதுகுக்கு நேர் பின்னால் இல்லை. ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வரட்டும். ரஸ்தாக்காரருக்கு: ஏவி ரிசீவர் (சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்) இருந்தால் கிராபிக்ஸ் கார்டிலிருந்து எச்டிஎம்ஐ கொடுத்துவிடுங்கள், கேமும் ஆறு சேனலில் வரும். ரிசீவரை இன்னொரு மானிட்டர் என்று விண்டோஸ் காட்டும், பயப்பட வேண்டாம். யூடியூப் பெரும்பாலும் ஸ்டீரியோதான், அதை வைத்துச் சோதிக்காதீர்கள். என் கதை? மேசையில் இரண்டு ஸ்பீக்கர், கீழே ஒரு வூஃபர். 5.1ஐ விற்றுவிட்டேன்.

பங்காளிவீடு:
பேரில் 5.1, வீட்டில் 2.1, இதில் எங்களுக்குப் பாடம். சரி, டிகிரி எல்லாம் பார்த்துப் பின் ஸ்பீக்கருக்கு எங்கள் பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஒரு துளை போட்டேன். படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் நாள்) வந்த பெரியப்பச்சி (பெரியப்பா) முகப்பில் செருப்பைக் கழற்றியதுமே கண்டுபிடித்துவிட்டார். விரலை விட்டு ஆழம் பார்த்தார். "இந்தப் பூச்சுக்கு இன்னைக்கு யாருப்பா ஆளு இருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். எல்லாப் புள்ளிக்கும், அதாவது பங்காளிக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும், பொதுவான வீடு, வேறு யாராவது கேட்பதற்குள் துளையை அடைக்க வேண்டும்.

பள்ளத்தூர் 5.1:
சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள், சுண்ணாம்புச் சுவரில் தனியாகப் பெயர்ந்து வரும். பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் யாரையாவது பிடியுங்கள். ஸ்பீக்கருக்கு ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வளவுப்பையன்:
அண்ணே, அந்த ஒத்த ஓட்டைப் பெட்டியை நான் என்னதான் செய்ய?