முதியவருடனும் குழந்தைகளுடனும் ரெயூனியன் மழைக்காட்டு விடுதியில் தங்கலாமா?

குவாத்ர் போர்ன் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் மொரிசியசிலிருந்து பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குச் சென்று, சலாஸி மலைப்பகுதியில் உள்ள ஒரு மழைக்காட்டு விடுதியில் நான்கு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். கடல் நமக்கு வீட்டு வாசலிலேயே கிடக்கும்போது இன்னொரு கடற்கரையைப் பார்க்க விமானம் ஏறுவானேன் என்பது என் கணவரின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

எங்களுடன் 74 வயதான என் மாமியார் வருகிறார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார்கள், படி ஏறுவதுதான் கடினம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7 வயது. வீட்டில் அனைவரும் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கும் முன் வீடு திரும்பிவிட வேண்டும்.

டிசம்பர் மாதம் இதற்கு ஏற்றதா? நாள் முழுவதும் மழை பெய்தால் மாமியார் அங்கே என்ன செய்வார்கள்? சிக்குன்குன்யா பற்றிய அச்சமும் எங்களுக்கு இருக்கிறது. விடுதியின் இணையப்பக்கத்தில் நாற்பது படங்களாவது இருக்கும். மழைக்காடு என்று பெயர் வைத்துவிட்டு ஒரு படத்தில்கூட மழையைக் காட்டவில்லை என்பதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தங்கி வந்தவர்கள் தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சேந்தாந்த்ரே தமிழ் வகுப்பு எழுதியது:

வணக்கம் அம்மா. சலாஸிக்கு ஏறும் சாலை எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் இதற்குப் பதில் சொல்லும் உரிமையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் என்பது உங்களுக்கும் தெரிந்ததே. 2024 ஜனவரி 15ஆம் நாள் பெலால் புயல் எங்கள் தீவைத் தாக்கியபோது உங்கள் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் மலைக்குள் இருப்பவர்களுக்குப் புயலின் காற்றைவிட மழைதான் பெரிய சிக்கல். 1966 ஜனவரியில் எங்கள் எரிமலைப் பகுதியில் உள்ள ஃபோக் ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2007 பிப்ரவரியில் கமேத் புயல் வந்தபோது கொமெர்சோன் என்ற எரிமலை வாயருகே மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டுமே உலகச் சாதனைகள். சலாஸியோ சுற்றிலும் செங்குத்தான மலைச்சுவர்கள் எழுந்த ஒரு கிண்ணம். கடற்கரையிலிருந்து அதற்குள் போவதற்கு மாட் ஆற்றை ஒட்டிய ஒரே ஒரு தார்ச்சாலைதான் உண்டு. அதில் மண் சரிந்தால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். சிவப்பு எச்சரிக்கை அறிவித்துவிட்டால் எவரும் வெளியே நடமாடவும் கூடாது. பெரியவர்களின் மாத்திரை நான்கு நாளுக்கு மட்டும் கையில் இருக்கும்போது இப்படி அகப்பட்டுக்கொள்வது நல்லதன்று.

உங்கள் ஜூலை இறுதி விடுமுறையில் வாருங்கள். அப்போதும் மழை இராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தென்கிழக்குக் காற்று ஆண்டு முழுவதும் கடல் ஈரத்தைச் சுமந்துவந்து மலையில் மோதி மேலேறுவதால், எங்கள் கிழக்குப் பக்கத்தில் வறண்ட பருவம் என்றால் மழை குறைவான பருவம் என்றே பொருள் கொள்ள வேண்டும். பெரும்பாலான நாள்களில் விடியற்காலையில் மலை தெளிவாகத் தெரியும். ஒன்பது, பத்து மணிக்கு மேகம் ஏறத் தொடங்கும். நண்பகலுக்குப் பிறகு எதிரில் இருக்கும் மரமே தெரியாது. ஆகவே பார்க்க வேண்டியதை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்துவிட்டு, பிற்பகலை மழைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். சைவம் என்று பிரெஞ்சில் விளக்கினால் மீன் போட்ட கறியைக் கொண்டுவந்து வைப்பவர்கள்கூட, நோன்பைக் குறிக்கும் 'கரேம்' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். தீமிதிக்கு நோன்பிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். உங்கள் ஊரில் உள்ள சொல்தான் இங்கும்.

கொசுவைப் பொறுத்தவரை, 2005-2006இல் இந்தத் தீவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குன்யா வந்தது உண்மை. 2025இலும் அது திரும்பி வந்தது. அந்தக் கொசு பகலில் கடிப்பது. குளிர்காலத்தில் மலைமேல் அதன் தொல்லை குறைவு. கடற்கரை ஊர்களில் சுற்றும் நேரத்தில் களிம்பு பூசிக்கொள்ளத் தவற வேண்டாம். காட்டில் நச்சுப் பாம்பு கிடையாது. பிள்ளைகளைத் தயங்காமல் நடக்க விடலாம்.

ரோஸ்ஹில் ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னவை அனைத்தும் சரியே. நான் சென்ற ஆகஸ்டில் மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் ஆகியோருடன் சலாஸிக்குள் இருக்கும் எல்பூர் என்ற ஊரின் பக்கத்தில் மூன்று இரவுகள் தங்கினேன். என் மனைவியும் கைத்தடியின் துணையோடு நடப்பவர் என்பதால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது.

எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுதிக்காரர்கள் 'முதியோருக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குத் தூறலில் போய் இறங்கியபோதுதான், வண்டி நிற்கும் இடத்திலிருந்து எங்கள் மரக்குடிலுக்குப் பாசி படிந்த 32 கற்படிகள் இருப்பது தெரிந்தது; ஒரு பக்கம்கூடக் கைப்பிடி இல்லை. மகன் முன்னே நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, மனைவி பின்புறமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். அடுத்த நாள் கேட்டபோது, படிகள் 'இயற்கையான சூழலின் ஒரு பகுதி' என்று பதில் வந்தது! பணம் செலுத்தும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வண்டிக்கும் கட்டிலுக்கும் இடையே எத்தனை படிகள்? அழகான பதில் வேண்டாம், எண்ணிக்கை வேண்டும் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, துணி. அங்கே துவைத்த துணி மூன்று நாளிலும் உலரவில்லை. காலுறைகளை இரவில் போர்வைக்கடியில் வைத்துக்கொண்டு உடல் சூட்டில் காய வைத்தோம். இரவு வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. நம் மேட்டுநில ஊரான கூரேபிப்பின் குளிரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

மழை பெய்யும் பிற்பகலில் உங்கள் மாமியார் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் மனைவி தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிட்டார். தகரக் கூரையில் மழை விழும் ஓசையில் எங்களுக்கு ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பிடித்துப்போயிற்று. மழை விட்டதும் வேலிக்கம்பியில் ஒரு சிறு பறவை வந்து அமர்ந்து 'தெக் தெக்' என்று கூப்பிடும். அதன் பெயரே தெக்தெக் தான். ரெயூனியனைத் தவிர வேறெங்கும் அது இல்லை. எதிர்ச் சரிவு முழுவதும் சௌசௌக் கொடி. பந்தல் போட்டு வளர்த்தது போக, மரம், மின்கம்பம், பாழடைந்த சுவர் என எதையும் விட்டுவைக்காமல் ஏறிப் படர்ந்திருக்கிறது. சமையற்கார அம்மையார் அதன் காயைக் கறியாகவும், கொழுந்தைக் கீரையாகவும், சிலாவோஸ் பருப்பைச் சாற்றோடும் பரிமாறினார். மூன்று நாளும் இதே உணவுதான். நாங்கள் அலுத்துக்கொள்ளவில்லை, பேரன் மட்டும் அலுத்துக்கொண்டான்.

மழை விட்ட நேரத்தில் எல்பூர்த் தெருவில் மெல்ல நடக்கலாம். 'ஹெல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து இது நரகமா என்று பேத்தி கேட்டாள். அது ஓர் ஆளுநரின் பெயர். பழைய மர வீடுகளின் தோட்டத்து மூலையில் தெருவைப் பார்த்தபடி சிறு மண்டபம் ஒன்று கட்டியிருப்பார்கள். அதைக் கெத்தாலி என்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையைப் போல, போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே அமைந்தது. 'மணப்பெண்ணின் முகத்திரை' எனப் பெயர் பெற்ற அருவியையும் சாலையோரத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

உண்மையான காடு பெலூவில் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் எல்பூரும் பெலூவும் ஒட்டினாற்போலத் தெரியும். நடுவில் நிற்பது செங்குத்தான மலைச்சுவர். நடந்து ஏறினால் இரண்டு மணி நேரம். வண்டியில் போவதானால் கடற்கரைக்கு இறங்கி, சேன் பெனுவா வழியாகப் பால்மிஸ்த் சமவெளிக்கு ஏறி, பெபூர் காட்டுக்குள் நுழைந்து சுற்றிவர வேண்டும். விடியுமுன் புறப்பட்டு நாங்கள் அப்படித்தான் போனோம். வழி நெடுகச் சாலையின் இருபுறமும் மரப்பெரணிகள் குடை விரித்து நிற்பதால் வண்டியை விட்டு இறங்காதவர்களும் காட்டைப் பார்க்க முடிகிறது.

அங்குள்ள பெரிய மரத்துக்குத் தாமரேன் என்று பெயர். புளியமரம் அன்று, வேல மர இனம். கன்றாக இருக்கும்போது புளிய இலை போன்ற சிற்றிலைகள். வளர்ந்ததும் அவை மறைந்து வாள் போன்ற தட்டையான இலைக்காம்புகளே இலையின் வேலையைச் செய்கின்றன. ஒரே கிளையில் இரண்டும் இருந்ததைப் பேத்திதான் எனக்குக் காட்டினாள். இதன் மிக நெருங்கிய உறவு ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் தொலைவில் ஹவாய்த் தீவுகளில் வளரும் கோவா மரம் என்பது மரபணு ஆய்வில் தெரியவந்திருக்கிறது. புயலில் சாய்ந்த மரங்கள் சாகாமல், படுத்த நிலையிலேயே முதுகிலிருந்து புதிய தண்டுகளை மேல்நோக்கி அனுப்புகின்றன. படுத்துக் கிடந்த ஒரு தண்டை மனைவி கையால் தொட்டுப் பார்த்தார். பாசியில் விரல் இரண்டாம் கணு வரை அமிழ்ந்தது.

அங்கிருந்து 'இரும்புக் குழி' எனும் பெரும்பள்ளத்தின் அருவிகளைப் பார்க்கப் போகும் பாதை, போக மூன்றரை கிலோமீட்டர், முழுக்கச் சேறும் வேரும். உங்கள் மகள் நடப்பாள். மகன் பாதியில் தோளில் ஏறிக்கொள்வான். பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். நம் பக்கத்துப் பழக்கத்தில் என் மகன் சலாஸி வளைவொன்றில் இடப்பக்கம் ஒதுங்கி, எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநரிடம் கிரியோலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நம் கிரியோல் தெரிந்திருந்ததால் திட்டின் பெரும்பகுதி எங்களுக்கு விளங்கியது.

ஷமரேல் பக்கத்து ஆள் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நம் மொரிசியசிலேயே 1994 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் ரிவியேர் நுவார் மலையிடுக்குகளை வைத்துக்கொண்டு 45 நிமிடம் பறப்பது எதற்கு? ஷமரேல் பகுதியிலும் காட்டு விடுதிகள் உண்டு. புயல் வந்தால் இரண்டு மணி நேரத்தில் சொந்த வீட்டில் இருக்கலாம்.

ரோஸ்ஹில் ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். முதல்முறை செல்பவர்கள் ஓரிரவு ஷமரேலில் தங்கி, ஈரத்தைப் பெரியவர்களின் உடல் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் நம் காட்டில் பாதிக்குப் பாதி வெளியிலிருந்து வந்து பரவிய சீனக் கொய்யாப் புதர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் அங்கே போவதே அந்தப் பழம் பறிக்கத்தான். அது ரெயூனியனையும் விட்டுவைக்கவில்லை. எனினும் பெபூரில் உள்ளே செல்லச் செல்ல, மனிதன் வருமுன் இந்தத் தீவுகள் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கண்ணால் காண முடிகிறது.

குவாத்ர் போர்ன் வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. டிசம்பர் முன்பதிவை விலக்கிவிட்டு ஜூலைக்கு மாற்றிக்கொண்டோம். ஆசிரியர் ஐயா சொன்னபடியே படிகளின் எண்ணிக்கையைக் கேட்டு எழுதினேன். முதல் விடுதி, 'எங்கள் விருந்தினர் எவரும் குறை சொன்னதில்லை' என்று பதில் அனுப்பியது. இரண்டாவது விடுதி, ஒன்பது படிகள், வலப்பக்கம் கைப்பிடி உண்டு என்று எழுதி, பெருமழையில் நனைந்துகொண்டிருக்கும் அந்தப் படிகளின் படத்தையும் இணைத்திருந்தது. அதற்கே முன்பணம் கட்டியிருக்கிறோம். மாமியார் இப்போதே கம்பளி நூல் வாங்கி, காலுறை பின்னத் தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கு மூன்று இணை வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.