பள்ளி நூலகத்துக்கு 10,000 ரூபாய்: செட்டாக வாங்கலாமா, வேறு வழி உண்டா?

தேனி டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்த ஜூனிலிருந்து நூலகப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. நூலகம் என்றால் ஆறாம் வகுப்பின் பின்சுவரில் மூன்று பீரோ. முதல் பீரோவைத் திறந்தால் ஒரே பொது அறிவுப் புத்தகம் 14 பிரதி. அதில் இன்னும் ஒன்பது கோள்கள். புளூட்டோவைக் குறுங்கோள் என்று 2006இலேயே மாற்றிவிட்டார்கள். நிலப்படப் புத்தகத்தில் தெலங்கானாவே இல்லை.

இந்த வருடம் கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. ஒரு விற்பனையாளர், "பட்டியல் எதுக்கு டீச்சர், நானே ஒரு செட் கட்டித் தர்றேன்" என்று இரண்டு முறை வந்துவிட்டார். அந்த 14 பிரதியும் இப்படித்தான் வந்திருக்கும் என்று தோன்றுவதால் தயங்குகிறேன்.

அப்புறம், பிள்ளைகள் வீட்டில் போனிலேயே கிடக்கிறார்கள், அதற்கும் நூலகத்தில் ஏதாவது செய்யுங்கள் என்கிறார் ஹெச்.எம். என்னிடம் ஒரு லேப்டாப்தான் உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

திண்டுக்கல் தொடக்கப்பள்ளி:

செட் வேண்டாம் டீச்சர். சின்ன வகுப்புகளுக்குப் பணமே செலவழிக்காமல் தொடங்கலாம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். நாங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொல்லித் தைத்து வைத்திருக்கிறோம்.

மதுரை நூலகர் (ஓய்வு):

வணக்கம் டீச்சர். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 27 வருடம் நூலகராக இருந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். பிள்ளைகள் கேட்டு நம்மிடம் இல்லாதது மட்டும்தான் அதில் ஏற வேண்டும். தேதி, வகுப்பு, அப்புறம் பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே. திருத்தி எழுதக் கூடாது. என் நோட்டில் "பாம்பு கடிச்சா என்ன பண்ணணும்னு இருக்கிற புக்" என்று ஒரே மாதத்தில் ஐந்து பேர். "பந்து ஏன் ஸ்விங் ஆகுது." "பேய்க் கதை, ஆனா நெசமா பயமா இருக்கணும்." "எங்க அக்கா நர்சிங் சேரணும், அதுக்கு என்ன படிக்கணும்." கட்டிக் கொடுக்கும் செட்டில் இந்த நான்கும் வராது. நாமே உட்கார்ந்து யோசித்தாலும் வராது, நமக்கு நீதிக்கதைதான் ஞாபகம் வரும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். அந்த நோட்டு நிரம்பிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

இரண்டு மாதம் போகட்டும். பிறகு பாதிப் பணத்தை நோட்டில் இருப்பதற்குச் செலவிடுங்கள். கால் பங்கு, எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைகளுக்கு. பெரிய எழுத்து, குறைந்த வரி, ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் கையில் வைத்திருக்க வெட்கப்படாத அட்டை. இதைத் தேடுவதுதான் கஷ்டம். ஒரு பையன் யானைப் படப் புத்தகத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து வாசித்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு இது உறைத்தது. மீதிப் பணம் உங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழா வரை கையில் இருக்கட்டும்.

நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பாரதி புத்தகாலயம், இந்தப் பதிப்பகங்களின் பட்டியலைத் தனித்தனியாக வாங்கி நோட்டோடு ஒப்பிடுங்கள். எதையும் எடுக்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். மொழிபெயர்த்த அறிவியல் புத்தகங்கள் நிறைய இதிலேயே கழிந்துவிடும்.

அந்த 14இல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தவறு கண்டுபிடிக்கப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மற்றதை ஹெச்.எம். ஒப்புதலோடு இருப்புப் பதிவேட்டில் குறித்துக் கழித்துவிடுங்கள்.

போன் விஷயமும் இங்கேயே தொடங்குகிறது, அச்சில் வந்ததுகூடத் தவறாகலாம் என்று பார்த்த பிள்ளை போனில் வருவதையும் கேள்வி கேட்கும். "தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா, நாசா எடுத்தது" என்று வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பாக ஒரு படம் சுற்றுமே, அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். பொய் என்று நான் சொல்லவில்லை. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, இந்த இரண்டு கேள்விதான். லேப்டாப்பில் படத்தைக் கொடுத்துத் தேடி அவர்களே கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பல வருட இரவு வெளிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த படம் அது. 1992க்கு முன்பே இருந்த வெளிச்சம் வெள்ளை, 1992இல் தெரிந்தது நீலம், 1998 பச்சை, 2003 சிவப்பு. ஊர்கள் பெருகியதைக் காட்டுவதற்கான படம். 2012 தீபாவளிச் சமயத்தில் எடுத்த நிஜப் படத்தை நாசாவே வெளியிட்டு, தீபாவளி வெளிச்சம் அங்கிருந்து பிரித்துத் தெரியாத அளவுக்குச் சிறியது என்று சொல்லியிருக்கிறது.

அன்று சாயங்காலமே நோட்டில் மூன்று பேர்: "சேட்டிலைட் எப்படி போட்டோ எடுக்குது?" அந்த வருடம் முதலில் வாங்கிய புத்தகம் அதுதான்.

கோவை அம்மா:

பெற்றோராக ஒன்று சொல்கிறேன் டீச்சர். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன், விளையாட்டில் இலவச காயின் என்று வந்த லிங்க்கில் என் ஓடிபியைக் கொடுத்துவிட்டான். 4,000 ரூபாய் போனது. பயந்து மூன்று நாள் சொல்லவே இல்லை. உடனே சொல்லியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் பணத்தை நிறுத்தப் பார்த்திருப்போம். 1930, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் பீரோக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். திட்டாமல் கேட்கிற ஆள் நீங்கள்தான் என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தேனி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. விற்பனையாளரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்களை இன்று காலை ஒட்டியாகிவிட்டது. நோட்டில் முதல் வரி ஓர் ஆறாம் வகுப்புப் பெண்ணுடையது சார்: "பென்னிகுயிக் வீட்டை வித்து அணை கட்டினாருன்னு போன்ல வந்துச்சு, நெசமா? அவரைப் பத்தி புக் இருக்கா?" இங்கே வீட்டுக்கு வீடு அவர் படம் இருக்கும். எப்படிப் பதில் சொல்வது?

மதுரை நூலகர் (ஓய்வு):

அருமையான கேள்வி டீச்சர், அவளை விட்டுவிடாதீர்கள். பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. இந்தத் திட்டத்தைப் பற்றி அவரே எழுதிய கட்டுரை 1897இல் லண்டன் சிவில் பொறியாளர் சங்கத்தின் வெளியீட்டில் வந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, செலவுக் கணக்கு வரும் இடத்தை மட்டும் அவளுக்குத் தமிழில் சொல்லுங்கள். யார் பணம் என்று அவளே பார்த்து, நோட்டில் தன் வரிக்குக் கீழே எழுதட்டும்.