ஆன் பான்கிராஃப்ட்: மேடையா, திரையா?

செழியன்:
அமெரிக்க நடிகை ஆன் பான்கிராஃப்ட் பேரை எடுத்தாலே 'தி கிராஜுவேட்' படத்து மிஸஸ் ராபின்சன் வேஷம்தான் எல்லார் வாயிலும். நேற்று இங்கே ஒருவர், "அவர் நடித்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அவர் மேடை வளர்த்த நடிகை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1931இல் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள். ஹாலிவுட் அவரை எடுத்து என்ன செய்தது? 1954இல் 'கொரில்லா அட் லார்ஜ்' என்று ஒரு படம். பொருட்காட்சி, கொலை, கொரில்லா, நடுவில் இவருக்கு ஊஞ்சல் வித்தைக்காரி வேஷம். இப்படியே ஐந்தாறு வருஷம் வீணாகப் போனது. ஊருக்குத் திரும்பி 1958இல் 'டூ ஃபார் தி சீசா' நாடகத்தில் ஹென்றி ஃபோண்டாவுக்கு எதிரே நின்றார், நாடகத்துக்கான டோனி விருது. அடுத்த ஆண்டு 'தி மிராக்கிள் வொர்க்கர்', அதற்கும் டோனி. ஸ்டூடியோவுக்குத் தெரியாத நடிகையை நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேதான் கண்டுபிடித்தது.

அருள்:
செழியன் அண்ணே, அந்த 'ஒருவர்' நான்தான். 'உருப்படியானது'ன்னு எழுதினது தப்பு, வாபஸ். ஆனா மேடைதான் உசத்தி, கேமரா அதுக்கு அடுத்த படின்னு நீங்க பேசுறதை ஒத்துக்க முடியாது.

'தி கிராஜுவேட்'ல ஓட்டல் ரூம் காட்சியை ஞாபகப்படுத்துங்க. கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாமேன்னு, மிஸஸ் ராபின்சனோட ரகசிய உறவுல இருக்கிற வாலிபன் பெஞ்சமின் நச்சரிக்கிறான். காலேஜ்ல என்ன பாடம்னு கேட்கிறான். ஓவியக்கலைன்னு அவ சொல்றா. அவ்வளவுதான் பதில். அந்த ஒரு வார்த்தைல, விருப்பமில்லாம நடந்த கல்யாணம், கைவிட்ட படிப்பு, பாழாப்போன இருபது வருஷம் எல்லாம் வந்து நிக்குது. குரல்ல சின்ன அசைவு, கண்ணை வேற பக்கம் திருப்புறது. நாடகக் கொட்டகையில கடைசி வரிசைல இருக்கிறவனுக்கு இது எட்டுமா?

இன்னொண்ணு. 1967ல படம் வந்தப்போ பான்கிராஃப்ட்டுக்கு 36, பெஞ்சமினா நடிச்ச டஸ்டின் ஹாஃப்மனுக்கு 30. ஆறு வயசுகூட முழுசா வித்தியாசம் இல்ல. அம்மா வயசுப் பொம்பளைன்னு உலகமே நம்புச்சு. மேக்கப்பால மட்டும் அது வராது.

செழியன்:
திரை மட்டம் என்று நான் எழுதவே இல்லை தம்பி. எது அவரை உருவாக்கியது என்பதுதான் பேச்சு. 'தி மிராக்கிள் வொர்க்கர்' படமானபோது எலிசபெத் டெய்லரைப் போட்டால் 50 லட்சம் டாலர் தருகிறோம் என்று யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் படக் கம்பெனி சொன்னது. பான்கிராஃப்ட் என்றால் 5 லட்சம்தான். நாடகத்தை இயக்கிய ஆர்தர் பென்தான் படத்துக்கும் இயக்குநர். அந்த 5 லட்சமே போதும் என்று அவர் உறுதியாக நின்றார். அதற்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது. 1963 ஏப்ரலில் விருது அறிவித்தபோது பான்கிராஃப்ட் அரங்கத்தில் இல்லை. பிராட்வேயில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் 'மதர் கரேஜ்' நடித்துக்கொண்டிருந்தார். அவர் சார்பில் நடிகை ஜோன் கிராஃபோர்டு வாங்கினார்.

வனஜா:
நான் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். 'தி மிராக்கிள் வொர்க்கர்' சாப்பாட்டு அறைக் காட்சியைப் பற்றி யாருமே வாய் திறக்கலையேன்னுதான் எழுதுறேன்.

படம் பார்க்காதவங்களுக்கு: கண்ணும் காதும் இல்லாத, ஏழு வயசு ஆகப்போற குழந்தை ஹெலன் கெல்லர். அலபாமாவில் வீடு. 1887இல் ஆனி சல்லிவன் டீச்சரா வர்றாங்க, அவங்களுக்கு 20 வயசு. அதுதான் பான்கிராஃப்ட் வேஷம். ஹெலன் எல்லார் தட்டிலும் கைவிட்டு அள்ளித் தின்னும், வீட்டில் யாரும் தடுக்க மாட்டாங்க. டீச்சர் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிடறாங்க. அடுத்து ஒன்பது நிமிஷம், வசனம்னு சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. ஸ்பூனைக் கையில் வைப்பாங்க, குழந்தை வீசி எறியும். இன்னொரு ஸ்பூன். அதையும் வீசும். மறுபடி விரலை மடக்கிப் பிடிக்க வைக்கிறது. இந்தக் காட்சியைப் படம்பிடிக்க அஞ்சு நாள் ஆச்சு. அடி படாம இருக்க ரெண்டு பேரும் உடுப்புக்குள்ள மெத்தை வச்சுக் கட்டியிருந்தாங்க.

இதையே மேடையில் ஆட்டத்துக்கு ஆட்டம் செஞ்சிருக்காங்க. நாடகம் தொடங்கினப்போ ஹெலனா நடிச்ச பாட்டி ட்யூக்குங்கிற சிறுமிக்கு 12 வயசு. பான்கிராஃப்ட்டோட முகத்தில் கோபம் இருக்கும், அதுக்கு அடியில் களைப்பு, அதுக்கும் அடியில் பயம். ஒரு பிள்ளையோட மல்லுக்கட்டின டீச்சருக்குத் தெரியும், அது பாசாங்கு இல்லைன்னு. நூறு தடவைக்கு மேல செஞ்சு பழகின உடம்பு அது. அருள் தம்பி, கேமரா அதைப் பதிவு பண்ணுச்சு, உண்மை. உண்டாக்கினது மேடைதான்.

அருள்:
வனஜாக்கா, நீங்க சொன்னது நெஞ்சைத் தொட்டுடுச்சு. ஆனா அதே வாதத்தை நான் திருப்பிக் கேட்கிறேன். 'டூ ஃபார் தி சீசா' நாடகத்துல அவர் நடிச்ச கிட்டல்ங்கிற பாத்திரம் எங்கே? அது 1962ல படமாச்சு, அந்த வேஷம் ஷெர்லி மெக்லெய்னுக்குப் போயிடுச்சு. பான்கிராஃப்ட் செஞ்ச கிட்டலைக் கொட்டகையில இருந்தவங்க பார்த்தாங்க, அதோட முடிஞ்சுது. ஆனி சல்லிவனை நாம இன்னைக்குப் பேசுறோம்னா படம் இருக்கிறதாலதான்.

செழியன்:
அந்தக் கிட்டல்தான் என் தீராத ஏக்கம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. 15 வருஷம் கழித்து 'தி டர்னிங் பாயின்ட்' படத்தில் அதே மெக்லெய்னும் இவரும் பழைய தோழிகளாக வந்து, கைப்பையால் அடித்துக்கொள்வார்கள். இருவருக்குமே ஆஸ்கர் பரிந்துரை. அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் கிட்டல் ஞாபகம்தான் வரும்.

சுந்தரம்:
நடுவில் ஒரு விஷயம். 'தி கிராஜுவேட்' இயக்குநர் மைக் நிக்கோல்ஸ் பிராட்வேயில் பேர் வாங்கியவர். ஹாஃப்மனும் நியூயார்க் மேடை ஆள். படப்பிடிப்புக்கு முன் நாடகம் போலவே வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அருள் சொல்லும் அந்தக் குரல் அசைவு எங்கே பழகியதாக இருக்கும்?

அருள்:
சுந்தரம் சார், ஒத்திகை விஷயம் எனக்குப் புதுசு. மேடைக்கு அதில் பங்கு இருக்குன்னு ஒத்துக்கிறேன். ஆனா மழையில நனைஞ்சு வெள்ளைச் சுவரோரம் ஒடுங்கி நிக்கிற மிஸஸ் ராபின்சனை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

செழியன்:
விட்டுத்தர வேண்டாம். பான்கிராஃப்ட்டே கடைசிக் காலத்தில் வருத்தப்பட்டது, எல்லாரும் ராபின்சனையே கேட்கிறார்கள், ஆனி சல்லிவனைக் கேட்க ஆளில்லை என்றுதான். 2005இல் காலமானார். அந்தக் குறையோடு போனாரே என்பதுதான் என் ஆற்றாமை.

வனஜா:
செழியன் சார், எங்க பள்ளியில் கேட்டாங்க. போன வருஷம் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அடிபம்புத் தண்ணி ஹெலன் கையில் கொட்டுது, டீச்சர் உள்ளங்கையில் எழுத்து எழுத்தா 'தண்ணீர்'னு விரலால் சொல்றாங்க. அமெரிக்க விரலெழுத்துக்கு ஒரு கை போதும், எங்க பிள்ளைகளுக்கு ரெண்டு கையும் வேணும். அந்த எழுத்து அவங்களுக்குத் தெரியாது. ஆனா முன் வரிசையில் இருந்த ஒரு பொண்ணு பான்கிராஃப்ட் முகத்தையே பார்த்துக்கிட்டு, தன் கையால் 'தண்ணி'ன்னு சைகை செஞ்சா. அப்புறம் என்கிட்ட வந்து, அந்த டீச்சர் யாருன்னு கேட்டா.