சின்ன வயசுல எந்த ரெஸ்லரைப் பாத்து நடுங்குனீங்க? என் பையன் அண்டர்டேக்கரைப் பாத்து சிரிக்கிறான்

மணிச்சத்தம்

ஒரு ஆதங்கம், அதோட ஒரு கேள்வி.

போன வாரம் என் பையனுக்கு (ஆறு வயசு) பழைய அண்டர்டேக்கர் என்ட்ரி ஒன்னு மொபைல்ல போட்டுக் காட்டினேன். லைட்டு அணையுது, மணி 'டங்ங்ங்'னு விழுது, புகை, தொப்பி, நீள கருப்பு கோட்டு, எனக்கு இந்த வயசுலயும் கழுத்துக்குப் பின்னாடி ஜில்லுங்குது, இவன் என்னடான்னா கன்னத்துல கை வச்சுப் பாத்துட்டு "அப்பா இந்த அங்கிளுக்கு கால்ல அடியா, ஏன் இவ்ளோ மெதுவா நடக்குறாரு"ங்குறான். சிரிப்பு வேற.

நான் முதல்ல அவரைப் பாத்தப்ப எனக்கும் கிட்டத்தட்ட இவன் வயசுதான் இருக்கும். பெரியப்பா பையன் கூட உக்காந்து பாத்தேன். எதிராளி யாருன்னு ஞாபகம் இல்ல, ஆனா அவன் தன்னால முடிஞ்ச அளவுக்கு அடிச்சு அண்டர்டேக்கரைக் கீழ தள்ளிட்டு கூட்டத்தைப் பாத்து கையைத் தூக்கிட்டு நிக்கிறான், பின்னாடி படுத்திருந்த ஆளு கையை ஊனல, காலை மடக்கல, இடுப்புல கீல் வச்ச மாதிரி அப்படியே எழுந்து உக்காந்துட்டாரு. அந்த முன்னாடி நிக்கிறவனுக்கு அது தெரியல பாருங்க, எனக்கு அதான் தாங்கல. "டேய் திரும்புடா திரும்புடா"ன்னு டிவியப் பாத்துக் கத்தினேன்.

அன்னைக்கு ராத்திரி படுக்கையில கையை ஊனாம அதே மாதிரி எழுந்திருக்க முடியுதான்னு நாலஞ்சு தடவை முயற்சி பண்ணிப் பாத்தேன். முடியல. அப்ப அவரு மனுசன் இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். போதாக்குறைக்கு பெரியப்பா பையன் "அவரு ஏழு தடவை செத்துப் பொழச்சவருடா"ன்னு சொல்லி வச்சிருந்தான். 1990 சர்வைவர் சீரிஸ்ங்குற ரெஸ்லிங் ஷோவுல அவரோட மேனேஜர் பால் பேரர் அஸ்தி சட்டியைத் தூக்கிக்கிட்டு முதல் தடவையா கூட்டிட்டு வருவாரே, அதுல இருந்தே அவரு செத்தவருதானாம்.

கேள்வி இதான்: உங்களை முதல்ல பயமுறுத்துன ரெஸ்லிங் கேரக்டர் யாரு? பேரை மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க, சரியா எது பயமுறுத்துச்சுன்னு சொல்லுங்க. முகமா, சத்தமா, இல்ல பக்கத்துல இருந்த அண்ணனுங்க அவுத்து விட்ட கதையா?

பழைய_கேசட்

பாஸ், முதல்ல ஒரு திருத்தம், கோச்சுக்காதீங்க. 1990 நவம்பர் 22, ஹார்ட்ஃபோர்ட்ல நடந்த சர்வைவர் சீரிஸ்ல அவரைக் கொண்டு வந்தது மில்லியன் டாலர் மேன் டெட் டிபியாசி. தன்னோட டீமுக்கு மர்ம ஆளுன்னு சொல்லி இறக்கினாரு. அப்ப கூட வந்த மேனேஜர் பிரதர் லவ், செக்கச்செவேல்னு முகத்தோட வெள்ளை கோட்டுல வருவாரே அவரு. பால் பேரர் வந்து சேந்தது 1991ல.

பால் பேரரா நடிச்ச வில்லியம் மூடி நிஜ வாழ்க்கையிலயே ஈமச்சடங்கு தொழில் முறையாப் படிச்சு லைசென்ஸ் வாங்கி வேலை பாத்தவரு, பிணத்தைப் பதப்படுத்துற வேலை உட்பட. அண்டர்டேக்கர்னாலே ஈமச்சடங்கு செய்யறவருன்னுதான் அர்த்தம், அதாவது அந்த ரெண்டு பேர்ல நிஜமான அண்டர்டேக்கர் யாருன்னா சட்டி வச்சிருந்தவருதான். அண்டர்டேக்கரா கோட்டு போட்டு வந்த மார்க் காலவே டெக்சாஸ்ல பாஸ்கெட்பால் ஆடிட்டு இருந்த பையன்.

என்னைப் பயமுறுத்துனது அவரு நடந்து வர்றது இல்ல, 1991ல அல்டிமேட் வாரியரை சவப்பெட்டியில போட்டுப் பூட்டுன சீன்தான். 'ஃப்யூனரல் பார்லர்'னு பால் பேரர் ஒரு பேட்டி பகுதி நடத்துவாரு, அங்க வச்சு. மூடி பூட்டிடுவாங்க, காத்து போகாத பெட்டின்னு கமெண்டேட்டருங்க பதறுவாங்க, ஆளுங்க ஓடி வந்து கையில கிடைச்சதை வச்சு நெம்புவாங்க, திறக்காது. எனக்கு அப்ப இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. புரிஞ்சிருந்தா பயம் கம்மியா இருந்திருக்கும்னு இப்ப தோணுது. குரல் உடையறது மட்டும்தான் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல, அப்ப நாமளே மோசமானதா ஒன்னு கற்பனை பண்ணிக்குவோம்ல. நான் வாரியர் செத்துட்டாருன்னே முடிவு பண்ணிட்டேன். பெட்டி திறந்து ஆளை வெளிய எடுத்தப்பவும் நம்பல.

அதுக்கப்புறம் கண்ணாமூச்சி ஆடும்போது பீரோவுக்குள்ள ஒளியறதை அடியோட நிறுத்திட்டேன்.

சிவப்பு_லைட்டு

கேன். வேற யாரு.

1997 அக்டோபர் 5, செயின்ட் லூயிஸ். முதல் ஹெல் இன் எ செல், அதாவது ரிங்கைச் சுத்தி கூண்டு போட்டு நடக்குற மேட்ச். அதுக்கு முன்னாடி பல மாசமா பால் பேரர் "உன் தம்பி சாகல, நீ கொளுத்துன தீயில எரிஞ்சும் உசுரோட இருக்கான், வருவான்"னு அண்டர்டேக்கர் கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்கு அந்தக் கதையெல்லாம் அண்ணன்தான் மொழிபெயர்ப்பு, அவன் பாதி சொந்த சரக்கு சேத்து சொல்லுவான். மேட்ச்ல ஷான் மைக்கேல்ஸ் ரத்தத்துல குளிச்சு விழுந்து கெடக்காரு, அண்டர்டேக்கர் தன்னோட டூம்ஸ்டோன் (ஆளைத் தலைகீழாத் தூக்கி மண்டையை இறக்குற அடி) போட ரெடி ஆகுறாரு, லைட்டு போகுது. சரி இது அவரோட லைட்டுதானேன்னு நான் நெனைக்கிறேன், ஆனா அவரே முழிக்கிறாரு! ஆர்கன் மியூசிக், எங்க பாத்தாலும் சிவப்பு. கேன் வந்து கூண்டுக் கதவைப் பிடுங்கி எறிஞ்சுட்டு உள்ள போறான், நேருக்கு நேர் நிக்கிறான், கையை மேல தூக்கி இறக்குனா நாலு கம்பத்துலயும் நெருப்பு.

நான் பயந்தது கேனைப் பாத்து இல்லங்க. அண்டர்டேக்கர் முகத்தைப் பாத்து. எங்களுக்கெல்லாம் பயம்னா அவருதான், அவரே வாயைத் திறந்துக்கிட்டு கை ஓஞ்சு போய் அப்படியே நிக்கிறாரு. நம்ம அப்பா பயந்து பாத்த மாதிரி இருந்துச்சு. திருப்பி அடிக்கக் கூட தோணாம நின்னு, அவரோட டூம்ஸ்டோனையே கேன் கிட்ட அவரு வாங்குனாரு.

அப்புறம் அந்த மாஸ்க். உள்ள என்ன இருக்குங்குறதுலயே அஞ்சாறு வருசம் ஓடிருச்சு எனக்கு. ட்ரெஸ்ல ஒரு கை முழுசா மூடி இன்னொரு கை திறந்தே இருக்கும், அப்ப எரிஞ்சது மூடுன பக்கம்தான்னு நானும் அண்ணனும் நோட்டுல படம் போட்டு ஆராய்ச்சி பண்ணிருக்கோம். கடைசில 2003 ஜூன்ல ட்ரிபிள் எச் கிட்ட தோத்து மாஸ்க்கைக் கழட்டுனா, அரைகுறையா மழிச்ச மண்டை, முகத்துல கரி, அவ்ளோதான். தழும்பே இல்ல! அப்புறம் மனசுலதான் தழும்புன்னு கதை மாத்துனாங்க. எங்க அண்ணன் அன்னையோட ரெஸ்லிங் பாக்குறதையே விட்டுட்டான்.

இதுல பெரிய கூத்து, கேனா நடிச்ச க்ளென் ஜேக்கப்ஸ் அதுக்கு முன்னாடி 1995ல பல் டாக்டர் வேஷத்துல வந்தவரு, ஐசக் யாங்கெம்னு. பேரோட அர்த்தமே 'நான் பிடுங்குறேன்'. 2018ல டென்னசில நாக்ஸ் கவுண்டிக்கு மேயராவே ஆனாரு. என்னைத் தூங்க விடாம பண்ண மனுசன் அப்புறம் ரோடு, பட்ஜெட்டுன்னு மீட்டிங் போட உக்காந்துட்டாரு.

ராத்திரி_ஆந்தை

எல்லாரும் பெரிய தலைங்களையே சொல்றீங்க. பாப்பா ஷாங்கோ ஞாபகம் இருக்கா யாருக்காவது? 1992. முகத்துல மண்டை ஓடு மாதிரி வெள்ளை பெயின்ட்டு, கையில புகை வர்ற மண்டை ஓடு, பில்லி சூனியக்காரன் வேஷம்.

ரெஸ்லிங்கா பாத்தா ஒன்னும் பெருசா இல்ல. ரெஸில்மேனியா 8ல ஹல்க் ஹோகன் மேட்ச்சுக்குள்ள ஓடி வர்ற வேலை குடுத்தா அதுக்கே லேட்டா வந்தாரு, அதனால ஹோகன் எகிறிக் காலைப் போட்டு அமுக்குற லெக் டிராப்ல இருந்து எதிராளி சிட் தானா எந்திரிக்க வேண்டியதாப் போச்சு. ஆனா வாரியருக்கு செய்வினை வச்ச சீன் இருக்கே. பேட்டி குடுத்துட்டு இருக்கும்போதே வாரியரோட தலையில இருந்து கருப்பா ஏதோ வழியும். யாரும் தொடல, அடிக்கல, சும்மா வழியுது. பெரியவங்களுக்கு அது மட்டமான காமெடி, இப்ப பாத்தா எனக்கும் காமெடிதான், மறுக்கல.

ஆனா எட்டு வயசுல நான் பல வாரம், விளையாடி முடிச்சு நெத்தியில வேர்வை வழிஞ்சா கையால தொடச்சு உள்ளங்கையைத் திருப்பிப் பாப்பேன். கருப்பா இருக்கான்னு. மண்ணுல விளையாடுன கை வேற, பாதி நேரம் கருப்பாத்தான் இருக்கும் 😭

அண்டர்டேக்கர் உங்களை அடிக்கணும்னா ரிங்குக்குள்ள வரணும். இவரு எங்கயோ நின்னுக்கிட்டு விரலை நீட்டுனா போதும். எனக்கு அதான் ஏத்துக்கவே முடியல.

பாப்பா ஷாங்கோவா நடிச்ச அதே சார்லஸ் ரைட்தான் பின்னாடி ஜிகுஜிகு கோட்டு போட்டு ஆடிக்கிட்டே வர்ற காட்ஃபாதர்னு தெரிஞ்ச அன்னைக்கு வந்த கோவம் இருக்கே.

மூலையில்_உக்காந்தவ

நான் ஒரு மாத்து கருத்து சொல்றேன். எனக்கு மேன்கைண்ட்.

1996ல முதல்ல வந்தப்ப அவரு சிரிப்பு மூட்டுற ஆளு கிடையாது, சாக்ஸை வாயில திணிக்கிறதெல்லாம் ரொம்ப பின்னாடி. ஆரம்பத்துல பாய்லர் ரூம்ல உக்காந்து முன்னும் பின்னும் ஆடிக்கிட்டு, தன் முடியைத் தானே பிச்சுக்கிட்டு, பன்னி கத்துற மாதிரி கத்துவாரு. தோல்ல செஞ்ச முகமூடி. பாதி காது கெடையாது, அது மேக்கப் இல்லங்க, 1994 மார்ச்ல மியூனிக்ல வேடர் கூட மோதும்போது கயிறுல தலை மாட்டிக்கிட்டு, மேன்கைண்டா நடிச்ச மிக் ஃபோலிக்கு நிஜமாவே வலது காது போச்சு.

நான் சோபாவுக்குப் பின்னாடி நின்னுதான் பாப்பேன், தலை மட்டும் மேல. ஆனா அவருக்கு ஒரு விசித்திரம் உண்டு, உள்ள வரும்போது ஒரு மியூசிக், ஜெயிச்சுட்டுப் போகும்போது வேற மியூசிக். போறப்ப மெதுவா பியானோ, தாலாட்டு மாதிரி. அந்த மூஞ்சிக்கு அந்தப் பாட்டு! அது கேட்டதும் ஆளு அடங்கிடுவாரு. நான் சோபாவைச் சுத்தி முன்னாடி வந்து உக்காந்துக்குவேன். அவரு ஜெயிச்சாதான் அது போடுவாங்க, அதனால பயமுறுத்துற ஆளே ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்ட ஒரே குழந்தை நானாத்தான் இருப்பேன்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க்ல கூண்டு மேல இருந்து, கிட்டத்தட்ட 16 அடி, அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி டேபிள் மேல போட்டப்ப நான் அழுதுட்டேன். பயத்துல இல்ல.

@மணிச்சத்தம் உங்க பையன் மேல தப்பு இல்ல. நீங்க காட்டுனது உள்ளங்கை சைஸ் மொபைல்ல, பட்டப்பகல்ல. ராத்திரி ரூம்ல லைட்டை அணைச்சுட்டு, படமே காட்டாம அந்த மணியை மட்டும் பக்கத்து ரூம்ல இருந்து போட்டுப் பாருங்க. அப்புறம் பேசிக்கலாம். (உங்க வீட்டம்மா திட்டுனா என் பேரைச் சொல்லாதீங்க.)

சிவப்பு_லைட்டு

அக்கா சூப்பர் ஐடியா. ஆனா பாவம் புள்ள 😂

அந்த 'ஏழு தடவை செத்தவரு' கதை எங்க ஏரியாவுலயும் உண்டு. எங்கிருந்து கிளம்புச்சுன்னா, 1994 ராயல் ரம்பிள்ல யோகோசூனா கூட நடந்த சவப்பெட்டி மேட்ச்ல பத்து பேரு சேந்து அமுக்கி பெட்டியில போட்டாங்க, அப்புறம் அரங்கத்துக்கு மேல ஆவி எழும்புற மாதிரி காட்டுனாங்க. 1996ல குழி தோண்டிப் புதைச்சாங்க, மின்னல் அடிச்சு மண்ணுக்குள்ள இருந்து கை வெளிய வந்துச்சு. இதையெல்லாம் பாத்த புள்ளைங்க கணக்குப் போட்டு ஏழுன்னு வச்சிருக்கும்.

பழைய_கேசட்

ஆமா, அது போக 'ரெண்டு அண்டர்டேக்கர்'னு ஒரு கதை. அதுல பாதி உண்மை. 1994 சம்மர்ஸ்லாம்ல நிஜ ஆளும் டூப்பு ஆளும் மோதுனாங்க, டூப்பு பிரையன் லீ. 1996ல ஒரு அக்ஷய் குமார் இந்திப் படத்துல வந்து சண்டை போடுறதும் அதே பிரையன் லீதான். அது நிஜ அண்டர்டேக்கர் இல்லன்னு சொன்னா இன்னைக்கும் என் கூட்டாளி ஒருத்தன் அடிக்க வருவான்.

மணிச்சத்தம்

எல்லாருக்கும் நன்றி, திருத்தத்துக்கும் சேத்து. பெரியப்பா பையனுக்கு ஃபோன் போட்டு டிபியாசி விசயத்தைச் சொன்னேன், ஒத்துக்க மாட்டேங்குறான்.

அக்கா சொன்னதை நேத்து பண்ணிட்டேன். ராத்திரி ஒன்பது மணி, ரூம்ல லைட்டு ஆஃப், நான் ஹால்ல உக்காந்து மணியை மட்டும் போட்டேன். எனக்கு கையில முடியெல்லாம் எந்திரிச்சு நிக்குது. உள்ள இருந்து சத்தம் "அப்பா, ஸ்கூல் பெல் அடிக்குது, நாளைக்கு லீவுதானே"ன்னு.

சரி இது ஆகறது இல்லன்னு லைட்டைப் போட்டு, டிவியில பெருசா அந்த ஃப்யூனரல் பார்லர் வீடியோ ஒன்னு ஓட விட்டேன். அண்டர்டேக்கர் கண்ணு வெள்ளையா சொருகுறதைப் பாத்துட்டு இவனும் அதே மாதிரி சொருகிக் காட்டுறான். அப்ப பால் பேரர் குளோசப்புல வந்தாரு, வெளிறிப்போன குண்டு மூஞ்சி, சட்டியைத் தூக்கிக்கிட்டு அந்த கீச்சுக்குரல்ல "ஓஓஓ யெஸ்ஸ்"ங்குறாரு. பையன் சிரிப்பை நிறுத்திட்டான். மெதுவா நகந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"அப்பா, அந்த சட்டி வச்சிருக்க அங்கிள் நெஜமாவே இருக்காரா?"

அவரு 2013லயே போய்ட்டாருடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. டிவியை ஆஃப் பண்ணிட்டு இன்னைக்கு இங்கயே படுத்துக்கோன்னு சொல்லிட்டேன்.