மே மாத நடை: கிண்டர் மேட்டில் பாதையை விட்டு விலகலாமா?

நடைராஜா:
நம் மான்செஸ்டர் குழுவின் மே மாத நடை ஈடேல் கிராமத்தில். ஸ்டேஷனில் இறங்கி, கிரைண்ட்ஸ்புரூக் ஓடையோரமாக ஏறி, கிண்டர் ஸ்கவுட் மேட்டைத் திசைகாட்டி வைத்துக் குறுக்காகக் கடக்கலாம். டவுன்ஃபால் அருவியில் சாப்பாடு, ஜேக்கப்ஸ் லேடர் என்ற செங்குத்துக் கற்படிப் பாதை வழியே இறக்கம். போன முறை ஓரத்துப் பாதையில் திருப்பதி க்யூ மாதிரி ஊர்ந்தோம். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மூர் நிலத்தில் (மரமில்லாத திறந்த மேட்டுநிலம்) பாதையை விட்டு நடக்க உரிமை இருக்கிறது. அப்புறம் என்ன தயக்கம்?

வாணி (ஷெஃபீல்ட்):
அண்ணா, மே மாதத்திலா? கோல்டன் ப்ளோவரும் கர்லூவும் தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் நேரம். கூடு காலடியில் இருந்தாலும் தெரியாது. இருபது பேர் பரவி வந்தால் பறவை எழுந்து ஓடும், முட்டை குளிரில் கெடும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டர் கயிற்றில்தான் பிடிக்க வேண்டும் என்பதும் நீங்கள் காட்டும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

நடைராஜா:
நாயைத்தானே கட்டச் சொன்னார்கள், நம்மை இல்லையே! அந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை, வாணி. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி இதே மேட்டை நோக்கி ஏறினார்கள். அப்போது அது பணக்காரர்கள் க்ரவுஸ் பறவைகளைச் சுடும் இடம், காவலாட்கள் தடியோடு நின்றார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மேனுக்கு 20 வயது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அப்படி வந்த உரிமையைப் பூட்டி வைப்பதா?

மழைக்கோட்டு:
ஒரு சின்ன திருத்தம். அத்துமீறி நுழைந்ததற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. அது அன்றைக்குக் குற்றமே இல்லை. கலவரம் செய்யக் கூட்டம் சேர்ந்தது, காவலாளைத் தாக்கியது போன்ற வழக்குகளில்தான் 2 முதல் 6 மாதம் வரை சிறைத்தண்டனை கொடுத்தார்கள். நடைச் சங்கங்களிலேயே பலர் அன்று அதை எதிர்த்தார்கள். சட்டம் வர இன்னும் 68 வருடம் ஆனது, நடுவில் மனுப்போட்டு அலைந்தவர்கள்தான் அதிகம். நடைராஜா எப்போதும் சண்டைக் காட்சியை மட்டும் சொல்வார் :)

வாணி (ஷெஃபீல்ட்):
சரி, பறவையை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். 1965-இல் பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதை திறந்தபோது அது நீங்கள் போட்ட அதே வழியில்தான் மேட்டின் நடுவே போனது. பீட் மண் (மக்கிய செடிகளால் ஆன ஈரமண்) குழைந்ததும் ஒவ்வொருவரும் சேற்றைத் தவிர்க்க இன்னும் கொஞ்சம் தள்ளி மிதித்தார்கள், தடம் அகலமாகிக்கொண்டே போனது. அதனால்தான் பாதையை ஜேக்கப்ஸ் லேடர் பக்கம் மாற்றினார்கள். வேறு இடங்களில் பழைய பஞ்சாலைத் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பதித்தார்கள். கிண்டரோ ஆலைப்புகையின் அமிலம், ஆட்டு மேய்ச்சல், தீ என்று எல்லாம் பட்டு மொட்டையாகக் கிடந்த மேடு. ஸ்பேக்னம் பாசி நட்டு, நீர்ப்பள்ளங்களை அடைத்து இப்போதுதான் ஈரம் திரும்புகிறது. அதன் மேலா நடக்கப் போகிறோம்?

நடைராஜா:
பென்னைன் வேயில் வருடக்கணக்காக, நாள்தோறும் ஆட்கள் போனார்கள். நாம் ஒரே ஒரு நாள். பரவி நடந்தால் தடமும் விழாது. இன்னொன்று, திசைகாட்டி பார்க்க இந்தக் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூடுபனியில் போன் செத்தால் என்ன செய்வீர்கள்?

சுகி:
நான் புதுசு, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பரவிப் போனால் தடம் விழாது, ஆனால் ஆள் தொலையும். மேலே பீட் பள்ளங்கள் சில இடங்களில் ஆளை மறைக்கும் ஆழம். உள்ளே இறங்கினால் முன்னால் போகிறவர் தெரியாது. மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் என்ற நேஸ்மித்தின் நடைநேரக் கணக்கு அங்கே எடுபடுமா? என் பையனுக்கு ஒன்பது வயது. கடைசி ஆளாக யார் வருவார் என்று அறிவிப்பில் இல்லையே. ஏதாவது ஆனால் மலைமீட்புக் குழுவை அழைக்க வேண்டும், அவர்களும் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள்.

மழைக்கோட்டு:
சுகி கேட்டதற்கு முதலில் பதில் வரட்டும். என் யோசனை: மே மாதம் ஓரத்துப் பாதை, குறுக்கு நடை செப்டம்பரில். கூடு காலம் முடிந்திருக்கும். மேடு 1982 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் கையில் இருப்பதால் அங்கே க்ரவுஸ் சுடுகிறவர்களின் துப்பாக்கித் தொல்லையும் இருக்காது.

நடைராஜா:
செப்டம்பரில் மண் மட்டும் மாறிவிடுமா? வாணி அப்போதும் வேண்டாம் என்பார்.

வாணி (ஷெஃபீல்ட்):
என்பேன். ஆறு பேர், எல்லாருக்கும் வரைபடம் பார்க்கத் தெரியும் என்றால் நானே கூட வருகிறேன். இருபது பேருக்கு முடியாது.

நடைராஜா:
ஆறு பேர் போனால் அதற்குக் குழு நடை என்று ஏன் பெயர்? மேக்கு ஓரத்துப் பாதையே இருக்கட்டும், அதுவும் சுகிக்காக. கடைசி ஆள் நான். செப்டம்பரை நான் விடுவதாக இல்லை.

சுகி:
நன்றி அண்ணா. பையனுக்குப் பூட்ஸ் வாங்க வேண்டுமா, ரப்பர் பூட்ஸே போதுமா?

வாணி (ஷெஃபீல்ட்):
ரப்பர் பூட்ஸ் வேண்டாம், ஜேக்கப்ஸ் லேடர் இறக்கத்தில் கால் கடிக்கும். கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்குங்கள், இரண்டு ஜோடி சாக்ஸும் பையில் இருக்கட்டும்.