வீட்டில் ரைட் பண்ணிய டிவிடி கம்ப்யூட்டரில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை

கண்டனூர்_பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்காகக் கேட்கிறேன். போன மார்கழியில் அண்ணன் மகளுக்குத் திருவாதிரைப் புதுமை (பெண் பிள்ளைகளுக்குச் செட்டிநாட்டில் செய்யும் சடங்கு) செய்தோம், அப்பத்தாவுக்கு முட்டி வலி, முகப்பு வரைக்கும் வந்து உட்கார்ந்ததோடு சரி, உள்ளே நடந்ததை முழுசாகப் பார்க்க முடியவில்லை. வீடியோக்காரர் பென் டிரைவில் எம்பி4 கோப்புகளாகக் கொடுத்தார், மொத்தம் மூன்று மணி நேரம் வரும். அதை வெற்று டிவிடியில் ரைட் பண்ணி ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டால் பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு "நோ டிஸ்க்" என்கிறது. ரைட் பண்ணும்போது விண்டோஸ் கேட்ட கேள்விக்கு "சிடி/டிவிடி பிளேயருடன்" என்றுதான் கொடுத்தேன். அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டு ஒன்றிலும் போட்டுப் பார்த்தாச்சு, அதே கதை. ஆனால் கடையில் வாங்கிய பக்திப் பாடல் டிவிடி எல்லாம் அதே பிளேயரில் நன்றாக ஓடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2008-ல் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நடந்த ஐயாவின் அறுபதாம் கல்யாண டிவிடி. முதல் முக்கால் மணி நேரம் சரியாக ஓடும், அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். இதற்கு வேறு பிரதி யாரிடமும் இல்லை. அப்பத்தா அடிக்கடி கேட்பது இதைத்தான்.

பென் டிரைவை டிவியில் சொருகிவிடலாமே என்று சொல்லாதீர்கள், மெனுவுக்குள் போய்த் தேடி எடுப்பது அவர்களுக்கு ஆகாது. வட்டைப் போட்டு பட்டனை அமுக்கினால் ஓட வேண்டும்.

செக்காலை_ரிப்பேர்:
தம்பி, இரண்டும் வேறு வேறு நோய், சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புதுசை முதலில் பார்ப்போம்.

விண்டோஸில் "சிடி/டிவிடி பிளேயருடன்" என்று கொடுத்தால் அது வீடியோ டிவிடியாக மாறிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அந்தப் பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. நடப்பது என்னவென்றால், நீங்கள் போட்ட எம்பி4 கோப்பு அப்படியே எம்பி4 கோப்பாகத்தான் வட்டில் உட்காரும். பழைய பிளேயருக்கு அது புரியாது. அதற்குத் தெரிந்தது எம்பெக்-2 படம், அதுவும் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி என்ற கோப்புகளாக இருந்தால்தான். உங்கள் வட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், அந்த ஃபோல்டர் இல்லையென்றால் பிளேயர் மேல் குற்றமே இல்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும், அதில் ஓடுவதை வைத்து டிவிடி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

டிவிடி ஸ்டைலர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் புது பிராஜெக்ட் திறந்து பால் (PAL, நம் ஊர் டிவி முறை), 720க்கு 576, 16:9 என்று வைத்து எம்பி4 கோப்புகளை இழுத்துப் போட்டால் அதுவே மாற்றிக் கொடுக்கும். கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள். மூன்று மணி நேரத்தையும் ஒரே வட்டில் அடைக்கப் பார்க்காதீர்கள். ஒரு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரண்டு மணி நேரத்துக்கே நொடிக்கு சுமார் 5 மெகாபிட்தான் கிடைக்கும், மூன்று மணி என்றால் மூன்றரைக்கு இறங்கிவிடும், கூட்டம் நகரும் காட்சியில் முகமெல்லாம் கலங்கித் தெரியும். வயசானவர்கள் பார்ப்பது முகங்களைத்தான். இரண்டு வட்டாகப் போடுங்கள். பிட்ரேட்டை, அதாவது இந்த நொடிக்கு இத்தனை மெகாபிட் கணக்கை, 6 அல்லது 7-க்கு மேல் ஏற்றவும் வேண்டாம். டிவிடி விதிப்படி 9.8 வரை போகலாம், ஆனால் வீட்டில் எழுதிய வட்டில் அவ்வளவு வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர் திணறும்.

வட்டில் எழுதுவதற்கு இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் போதும். வேகத்தை 8 எக்ஸ் வைத்து, வெரிஃபை என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதி முடித்ததும் வட்டை மறுபடி படித்துச் சரிபார்க்கும், பிழை இருந்தால் ஊருக்குக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். ஃபைனலைஸ் ஆவதும், அதாவது பதிவை முடித்து வட்டை மூடுவதும், முக்கியம். டிவிடி ரெக்கார்டரிலோ டிவிடி கேமராவிலோ பதிவு செய்து ஃபைனலைஸ் பண்ணாமல் விட்ட வட்டு, பதிந்த மெஷினைத் தவிர வேறெதிலும் பெரும்பாலும் ஓடாது.

ஆர்டபிள்யூ-வை விட்டுவிடுங்கள். அதன் எழுத்துப் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவது ஒருமுறை மட்டும் எழுதும் சாதாரண ஆர் வட்டைவிட ரொம்பக் குறைவு, லேசர் கொஞ்சம் களைத்த பிளேயர் அதைக் கண்டுபிடிக்கவே செய்யாது. கடை வட்டு ஓடுவதும் இதனால்தான், அது அச்சில் குத்திய குழிகள் மேல் அலுமினியம் பூசியது, நல்ல பளபளப்பு. நாம் ஆர் வட்டில் எழுதுவது உள்ளே இருக்கும் சாயப் பூச்சில். லென்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் செம்மண் தூசி எதற்குள் வேண்டுமானாலும் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் லேசாகத் தடவினால் போதும், அழுத்தக் கூடாது.

ஆத்தங்குடி_ஆச்சி:
அண்ணன் சொன்னது புது வட்டுக்கு. எனக்கு 2008 வட்டை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. பேரன், அதை இனிமேல் பிளேயரில் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிடுங்கள். முதல் வேலை அதைக் கம்ப்யூட்டருக்கு எடுப்பது.

டிவிடி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படும். முதலில் நன்றாக ஓடிப் பிறகு நிற்கிறதென்றால் கோளாறு வெளி ஓரத்தை ஒட்டி இருக்கிறது. அங்கேதான் விரல் படும், கீறல் விழும், அவசரமாக வேகத்தில் எழுதிய வட்டில் பிழைகளும் அங்கேதான் அதிகம். மேலே தம்பதி படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா? அந்தக் காலத்தில் எல்லோரும் ஒட்டித்தான் கொடுத்தார்கள். அது ஒரு பக்கம் உப்பினாலும் சுருங்கினாலும் வட்டு சுற்றும்போது ஆடும். அதற்காக இப்போது உரிக்கப் போகாதீர்கள், பாதியில் கிழிந்தால் நிலைமை மோசமாகும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மெத்தென்ற பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கவே கூடாது. ஸ்டிக்கர் இருந்தால் அந்தப் பக்கம் நனைய வேண்டாம். கீறல் அடிப்பக்கம்தான் என்றால் நம்பிக்கை உண்டு. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டியது, பதிவு நடுவில் இருக்கிறது, கீறல் அதைத் தொட்டிருக்காது. சிடியில் பதிவு மேல்பக்கத்து அச்சுக்கு நேர் கீழேயே இருக்கும், அதனால்தான் அதில் மேல்பக்கக் கீறல் அவ்வளவு ஆபத்து.

அப்புறம் சாதாரணமாகக் காப்பி பண்ணப் பார்க்காதீர்கள், பிழை வந்த இடத்தில் நின்றுவிடும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்று லினக்ஸில் மீட்பு மென்பொருள் ஒன்று இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், எங்கே விட்டது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்து வைக்கும். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் வட்டைப் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம், அக்கம்பக்கத்தில் பழைய லேப்டாப் யாரிடம் இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். நாலைந்து நொடிப் படம் போனால் போகட்டும், மிச்சம் கைக்கு வந்தால் போதும்.

கண்டனூர்_பேரன்:
அண்ணே, ஆச்சி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் இல்லவே இல்லை, நான் எழுதியது வெறும் கோப்புகள்தான். டிவிடி ஸ்டைலரில் மாற்றி இரண்டு வட்டாக எழுதி அனுப்பினேன், அப்பத்தா போட்டுப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்கள், நன்றாக ஓடுகிறதாம். பழைய வட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது, தொடவில்லை. என் டிரைவில் டிடிரெஸ்க்யூ பெரும்பகுதியை எடுத்துவிட்டது, கடைசிப் பகுதி மட்டும் பாக்கி, நண்பர் ஒருவரின் டிரைவில் தொடரப் போகிறேன். எடுத்ததை மறுபடி டிவிடியாக எழுதும்போது மேலே எதில் பெயர் எழுதுவது?

செக்காலை_ரிப்பேர்:
சிடி மார்க்கர் என்றே கேட்டு வாங்குங்கள், ஸ்பிரிட் வாசனை அடிக்கும் பேனா வேண்டாம். மேல்பக்கம் எழுதினால் போதும், ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். டிடிரெஸ்க்யூ எடுத்துக் கொடுத்த ஐஎஸ்ஓ கோப்பை (முழு வட்டின் நகல்) ஹார்ட் டிஸ்க் இரண்டில் வைத்துவிட்டு, வட்டில் இரண்டு பிரதி எழுதி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் மட்டும் விட்டுவிட வேண்டாம், சாயம் தாங்காது.